தீரு பட்டணத்தில் கீரை விற்றது யார்?

திண்டிவனம் சபையில் என் வேலையை இப்போது பார்க்கிற ஜெபா நல்ல பெண். ரோஜாப்பூப் படத்தின் மேல் ஒரு வசனத்தைப் போட்டு, சபையார் காபி குடித்து முடிப்பதற்குள் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுகிறாள். எனக்கும் வரும். அவளே ஒருநாள் வீட்டுக்கு வந்து, நான் போட்ட டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, எசேக்கியேல்ல தீரு பட்டணத்துக்குன்னு ஒரு புலம்பல் வருதே, அத யாருக்கு அனுப்பறது? எந்தப் பூ போட்டாலும் ஒட்ட மாட்டேங்குதே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அதிகாரத்துக்கும் எனக்கும் ஒரு பெரிய கதை இருக்கிறது. "எழுதிக் குடுங்கம்மா" என்று அவள் நச்சரித்ததால் எழுதுகிறேன். வாயால் பேசியே சம்பளம் வாங்கினவள் நான். எழுத்திலும் பேச்சுத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பைபிள் உமன். சபை சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். வீடு வீடாகப் போய், வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு, வாசிக்கத் தெரிந்தும் நேரமில்லாத பெண்களுக்கும்தான், வேதத்தை வாசித்துக் காட்டுகிற வேலை. சனங்கள் வாயில் அது 'பைபிள்காரம்மா' ஆகிவிட்டது. முகையூர்ப் பக்கத்துச் சிற்றூரில் எட்டாவதோடு என் படிப்பு நின்றது. மிச்சத்தை, பொட்டலம் கட்டி வந்த காகிதங்களிலும் வேதத்திலுமாக நானே படித்துக்கொண்டேன். விழுப்புரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். ஜெபம், பாட்டு, ஒழுங்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். நாய் துரத்தினால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நாய்களிடமே கற்றேன்.

வேலையில் சில முறைகள் உண்டு. போன வீட்டில் பாய் போடச் சொல்லக் கூடாது. அவர்கள் எங்கே வேலையாக இருக்கிறார்களோ அங்கேயே உட்கார வேண்டும். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உரிக்கிறவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லக் கூடாது. அவள் கை வேலையைப் பார்க்கட்டும், காது நமக்குப் போதும். ஊர்ப்பெயர் வந்தால் திக்கக் கூடாது. திக்கினால், "இல்லாத ஊர சொல்றா" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய முறை ஒன்று: எடுத்த அதிகாரத்தை முடிக்காமல் வேதத்தை மூடக் கூடாது.

இந்தக் கடைசி முறையை வைத்தவர் போதகர் சாலமோன் ஐயா. காரணமும் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர், ஆபிரகாம் பிள்ளையைக் கட்டிக் கத்தியை ஓங்குகிற இடம் வரை ஒரு வீட்டில் வாசித்திருக்கிறார். தேவதூதன் தடுக்கிற வசனம் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. மூடிக்கொண்டு ஓடிவிட்டார். அடுத்த வாரம் போனால், "புள்ளய வெட்டன ஆளு கதைய எம் புள்ளைங்க காதுல போடறியா நீ?" என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். "பஸ் போனா இன்னொரு பஸ் வரும்மா. அந்த வூட்டுல கதவு தெறக்கவே இல்ல" என்றார் ஐயா.

சாலமோன் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரமான மனிதர். வாசிப்பு நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு வசனத்தைத் தாண்டினால், கண்ணைத் திறக்காமலே ஒரு விரல் உயரும். அவருக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். சனிக்கிழமைதோறும் நாங்கள் அவரிடம் போய் வேலையைச் சொல்ல வேண்டும். எத்தனை வீடு, எந்த அதிகாரம் என்றெல்லாம் கேட்கவே மாட்டார். ஒரே கேள்விதான்.

"என்ன கேட்டாங்க?"

வாசித்ததை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கேட்டவர்கள் திருப்பி என்ன கேட்டார்கள் என்பதைச் சொல்ல, உட்கார்ந்து இருந்திருக்க வேண்டும். விழுப்புரத்தில் இருந்த வருஷங்களில் அவருக்காகவே நான் கேள்விகளைப் பொறுக்கிச் சேர்த்தேன். ரயில்வே காலனியில் நோவாவின் பேழையை வாசித்தபோது ஒருத்தி கேட்டாள்: "அம்மாம் மிருகத்தயும் உள்ள வச்சுகினு, சாணிய யாரு வாரிக் கொட்னது?" பக்கத்தில் இருந்தவள் தலையே நிமிராமல் பதில் சொன்னாள்: "மூணு மருமவளுங்க இருந்தாளுங்க இல்ல?" அந்தச் சனிக்கிழமை ஐயாவின் தோள் நிற்கவே இல்லை.

பிறகு இரண்டு பேருமே திண்டிவனத்துக்கு மாறினோம். கதை அங்கேதான்.

பாண்டிச்சேரி ரோட்டில் கிருபாகரன் கடை. கிருபாகரன் எங்கள் சபைக்காரர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அரிசி, எண்ணெய், ஆணி, பக்கெட், பாய், துணி, ஆட்டுக்குக் கட்டுகிற மணி வரைக்கும் அந்தக் கடையில் கிடைக்கும். கடை வாசலில் ஒரு தார்ப்பாய் நிழல். அதன் கீழே முனியம்மாவும் ரோசியும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து கீரை, மல்லாட்டை, பூ, எலுமிச்சை விற்பார்கள். ரோசி எங்கள் சபை. முனியம்மா அமாவாசை தவறாமல் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிறவள். "வெள்ளிக்கெழமன்னா அங்காளம்மா, வியாழக்கெழமன்னா பைபிள்காரம்மா" என்பாள். வியாழக்கிழமை மத்தியான மந்த நேரத்தில் நான் அவர்களோடு உட்கார்ந்து வாசிப்பேன். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு என்றாலும் முனியம்மாவைக் கூப்பிட்டுவிட்டுத்தான் பந்தல்காரரைக் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி எடுத்தால், செத்தவனோடு சண்டை போட்டவனும் அழுவான்.

ஒரு புத்தாண்டு ஆராதனை. வழக்கம்போல் வாக்குத்தத்த அட்டைத் தட்டு சுற்றி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்தது. அச்சடிக்கிறவர்கள் செழிப்பும் சந்தோஷமுமான வரிகளாகப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். கிருபாகரன் எடுத்ததில் இருந்தது இப்படி ஒரு வரி: உன் சரக்குகள் கடல்வழியாகப் போய் அநேக சனங்களைத் திருப்தியாக்கின, உன் செல்வத்தால் பூமியின் ராஜாக்களே ஐசுவரியவான்கள் ஆனார்கள் என்று.

வியாபாரி கையில் இப்படி ஒரு அட்டை வந்தால் அவர் தரையிலா நிற்பார்? ஆலய வாசலிலேயே எல்லோருக்கும் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டி, சின்ன சீரியல் பல்பும் சுற்றினார். பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பெரிய கடையாக்கத் திட்டம் போட்டார். முகப்பில் கண்ணாடி, உள்ளே ஏசி, வாசலில் இருசக்கர வண்டி நிறுத்த இடம்.

வாசலில் வண்டி நின்றால் முனியம்மா எங்கே உட்காருவாள்?

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி எடம் கீதாம். அங்க போயி உக்காரணுமாம்" என்றாள் ரோசி. "அங்க நாய்கூட வராதும்மா. கட தெறக்கற அன்னிக்கி வரைக்கும்தான் எங்களுக்கு டைமு."

அந்த வாரமே கிருபாகரன் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, பிரதிஷ்டை ஜெபத்துக்கு ஐயா வர்றாரு. வேத வாசிப்பு நீங்கதான். என் வசனம் வர்ற அதிகாரம் முழுசும் மைக்குல படிக்கணும். நானும் மேலோட்டமா பாத்தேன். இரும்பு, வெள்ளி, எண்ணெய், தேன்னு நம்ம ஸ்டாக் லிஸ்ட் மாதிரியே இருக்கு!"

அவர் மேலோட்டமாகப் பார்த்தது முதல் பாதி. அந்த அதிகாரம் தீரு என்கிற பட்டணத்துக்காகத் தீர்க்கதரிசி பாடின சாவுப் பாட்டு. கடலோரத்தில் இருந்த பெரிய வியாபாரப் பட்டணம் அது. அதை ஓர் அழகான கப்பலாக்கி, எந்த மலை மரத்தில் பலகை, எந்த ஊர்த் துணியில் பாய், எந்தெந்த நாட்டுச் சரக்கு என்று ஆசை ஆசையாக அடுக்கிக்கொண்டே போய், நடுக்கடலில் உடைத்துவிடுகிறார். கப்பல்காரர்கள் எல்லாம் கரையில் இறங்கி, தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு கதறுகிறார்கள். அட்டையில் இருந்த வரி, அந்தக் கதறலின் நடுவிலிருந்து எடுத்த வரி.

"தம்பி, அது பின்னால கொஞ்சம்... துக்கமா போவுது" என்றேன்.

"நல்ல காரியம் பேசற எடத்துல அபசகுனமா ஆரம்பிக்காதீங்கக்கா. ஆண்டவர் குடுத்த வசனம். என் கையால எடுத்தேன்."

மறுபடி போனேன், கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார், கையை ஆட்டி அனுப்பிவிட்டார். ஐயாவிடம் சொன்னேன். தோள் லேசாகக் குலுங்கியது. பிறகு நின்றது.

"அவரு கிட்ட சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு தரம் சொல்லிட்டேன் ஐயா. காது குடுக்கல."

"அப்ப படிங்க. அவரு கேட்டது முழு அதிகாரம். முழு அதிகாரம் குடுத்துடுவோம்."

பெரிய வாசிப்பு என்றால் முதலில் தார்ப்பாய் நிழலில் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். தர்ஷீஸ் ஊர் வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம் என்று வந்ததும் ரோசி விரல் மடக்கினாள். "நம்ம கடையில கீது." கோதுமை, தேன், எண்ணெய்? "கீது." கேதார் ஊர் ஆட்டுக்குட்டி? "ஆட்டு மணி கீது." தொகர்மா ஊர்க் குதிரை? "அது ஒண்ணுதான் இல்ல. கிருபா வெலைக்குக் கேட்டுகினு இருப்பாரு."

கொண்டல் காற்று வந்து கப்பலை உடைத்ததும் சிரிப்பு நின்றது. "கொண்டல்னா நம்ம மரக்காணம் பக்கம் அடிக்கிற காத்துதானே?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். கப்பல்காரர்கள் அழுகிற இடத்தில் முனியம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரு கட்னாரு இந்தப் பாட்ட? அந்த ஊர்க்காரரா?"

"இல்ல. அந்த ஊரு இவருக்கு ஆவாத ஊரு."

"ஆவாத ஊருக்கா இம்மாம் நல்லா அழுதாரு? வேல தெரிஞ்சவருதான் போ." கீரைக்கட்டை மறுபடி எடுத்து உதறினாள். பிறகு, "நீ படிச்சதுல ராஜா வந்தாரு, குதிர வந்திச்சு, யானத் தந்தம் வந்திச்சு. அம்மாம் பெரிய ஊர்ல கீர வித்தது யாரும்மா? அவ பேரே வரலயே?" என்றாள்.

திருப்பிப் புரட்டினேன். இல்லை. சனிக்கிழமை ஐயா வழக்கம்போல, "என்ன கேட்டாங்க?" என்றார். "தீரு பட்டணத்துல கீரை வித்தது யாருன்னு கேட்டாங்க ஐயா" என்றேன். தோள் குலுங்கும் என்று பார்த்தேன். குலுங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

கடைத் திறப்பு நாள் வந்தது. வாழைமரம், ரிப்பன், லட்டு, மைக். கண்ணாடிக்குள்ளே சபையாரும் வாடிக்கைக்காரர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வெளியே தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டியாயிற்று. நான்கு பெண்களும் கூடைகளைக் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றார்கள்.

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு சரக்கு வரும்போதும் கிருபாகரன் அந்தந்த அலமாரிப் பக்கம் தலையைத் திருப்பி, வந்தவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவர் மனைவி எஸ்தர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்குத் தெரிந்துவிடும்.

கொண்டல் காற்று வந்தது. கப்பல் உடைந்தது. சரக்கெல்லாம் கடலுக்குள் விழுந்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கிருபாகரன் என் காதருகே குனிந்தார். "நம்ம வசனம் இன்னும் வரலியேக்கா?"

"வருது தம்பி."

"வாணாம், போதும். மூடுங்க."

ஐயாவைப் பார்த்தேன். மூடின கண் மூடினபடி, ஒரு விரல் உயர்ந்தது. நான் வாசித்தேன். கப்பல்காரர்கள் கரையில் இறங்கினார்கள், தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டார்கள், சாம்பலில் புரண்டார்கள், வாய்விட்டு அழுதார்கள். அந்த அழுகைக்குள்ளிருந்து, கல்லாவுக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்த அதே வரி, எழுத்துக்கு எழுத்து, ஸ்பீக்கரில் வந்தது.

கடையில் இருந்த எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கல்லாப் பக்கம் நிமிர்ந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி சாவுக்கு அழ ஆரம்பித்தால், கேட்கிற இன்னொருத்தி சும்மா நிற்கக் கூடாது. உட்கார்ந்து கைகோர்க்க வேண்டும். ஸ்பீக்கரில் அத்தனை பேர் கதறும்போது முனியம்மா எப்படி நிற்பாள்? கட்டின கூடையின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எடுத்தாள்.

"கடலு கொண்ட பட்டணமே – ஒனக்குக்
காத்து வர்றது தெரியலியே!
வாசல்ல ஒருத்தி இருந்திருந்தா – ஒனக்கு
வந்து சொல்லி இருப்பாளே!"

மற்ற மூன்று பேரும் கைகோர்த்துவிட்டார்கள். தீருவுக்கு அழுதார்களா, தார்ப்பாய் நிழலுக்கு அழுதார்களா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. ரோட்டில் போன வண்டிகள் நின்றன. மரக்காணம் பஸ் நின்றது. "யாருப்பா செத்தது?" "தீருவாம்." "எந்தத் தெரு அது?" "தெரு இல்லப்பா, ஊரு. மொத்த ஊரும் பூடுச்சாம்." நல்ல மனசு உள்ள சனங்கள், இறங்கி வந்தார்கள். நான் கடைசி வசனத்தை முடித்து வேதத்தை மூடியபோது, கடைக்குள்ளேயும் வெளியேயும் நிற்க இடமில்லை.

ஆனால் வாங்குவதற்கு ஒரு ஆளும் இல்லை. ஒப்பாரி கேட்ட கடையில் யார் போணி பண்ணுவார்கள்? புதுக்கடையின் முதல் விற்பனை. விற்கிறவருக்கும் பயம், வாங்குகிறவருக்கும் பயம். சோப்பைக் கையில் எடுத்திருந்த ஒருவர், யாரும் பார்க்காத மாதிரி திருப்பி வைத்தார். கிருபாகரனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வேர்த்துக் கொட்டி, ஏசிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"வாயப் பொளந்துகினு நிக்காத. போணிக்கு ஆளப் பாரு" என்றாள் எஸ்தர்.

"எவன் வருவான்? ஐயா, நீங்களாவது ஒரு ஜெபம்..."

சாலமோன் ஐயா கண்ணைத் திறந்தார். "ஜெபம் பண்ணலாம் கிருபாகரன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். அந்த ஊர்ல கீரை வித்தது யாரு?"

"எனக்கு... தெரியலியே ஐயா."

"எனக்கும் தெரியல. தேடிப் பாத்தேன், எங்கயும் எழுதல." கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். "இந்த ஊர்ல யாருன்னு எழுதி வைக்க வேணாம். கண்ணுக்குத் தெரியுது."

கிருபாகரன் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு வாசலில் வெட்டிக் கிடந்த ரிப்பனைத் தாண்டிப் போனார். நானும் பின்னாலே போனேன்.

"முனியம்மாக்கா, எழுந்திருங்க. நீங்கதான் அழுதீங்க. நீங்களே வந்து போணி பண்ணிட்டா தோஷம் போயிடும்."

முனியம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "சாவுக்கு அழுதவ தல முழுகாம போணி பண்ணக் கூடாது மொதலாளி. முற தெரியாதா ஒனக்கு?"

"ஐயோ, பேஜாரு பண்ணாதக்கா. வூட்டுக்குப் போயி எப்ப முழுகி எப்ப வர்றது? ஜல்தி ஒரு வழி சொல்லு."

"ஊரு செத்து ரொம்ப காலம் ஆயிடுச்சு இல்ல? ஒரு சொம்புத் தண்ணி போதும்."

எஸ்தர் கடைக்குள்ளிருந்து புது பக்கெட்டும் புது மக்கும் கொண்டு ஓடிவந்தாள். விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. குழாயில் பிடித்த தண்ணீரை முனியம்மா தலையில் அவளே ஊற்றினாள். சுற்றி நின்ற சனங்கள் சிரித்தார்கள். ஐயா திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் தெரிந்தது.

முனியம்மா கூந்தலை முடிந்துகொண்டாள். உள்ளே போகிறாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒனக்குப் போணி பண்றேன். நாளைக்கி நான் எங்க உக்காந்து போணி பண்றது?"

மரக்காணம் பஸ் கண்டக்டர் விசில் ஊத வாயில் வைத்தவர் ஊதவில்லை.

கிருபாகரன் கண்ணாடியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார். "இங்கியே உக்காரு. வண்டிங்கள பக்கத்துச் சந்துல வுட்டுக்கட்டும்" என்றார். பிறகு சட்டென்று, "ஆனா இனிமே இங்க அழக் கூடாது!" என்றார்.

"அது நீ மாட்டற அட்டையப் பொறுத்து" என்று சொல்லிவிட்டு முனியம்மா உள்ளே போய், மரக்காணத்து உப்பு ஒரு கிலோ எடுத்து, ஈரக் கையோடு கல்லாவில் வைத்தாள். போணி ஆயிற்று. அப்புறம் சனங்கள் விழுந்து வாங்கினார்கள்.

கண்ணாடிச் சட்டம் அன்றைக்கே இறங்கிவிட்டது. தார்ப்பாய் மறுபடி ஏறியது.

அதற்கடுத்த புத்தாண்டில் கிருபாகரன் தன் அட்டையை யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே தார்ப்பாய் நிழலுக்கு வந்தார். "அக்கா, முழு அதிகாரமும் படிங்க. கப்பல் கிப்பல் இருக்கா பாத்துடலாம்." படித்தேன். நான்கு பெண்களும் காது கொடுத்தார்கள். முடிந்ததும் முனியம்மா, "இதுல கப்பலு எதுவும் முழுவல. மாட்டிக்கோ" என்றாள். வருஷா வருஷம் இதுவே நடைமுறை ஆகிவிட்டது. ஒரு வருஷம், பக்கத்துக்குப் பக்கம் அழுகிற தீர்க்கதரிசி எரேமியாவிலிருந்து ஒன்று வந்தது. வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள்.

சாலமோன் ஐயா இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். போன புத்தாண்டுக்கு ஜெபாவைத்தான் அனுப்பினேன். ஆசை விடாமல் நானும் கூடப் போய், ஓரமாக ரோசியோடு மல்லாட்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிருபாகரன் அட்டையை நீட்டினார். ஜெபா போனை எடுத்துத் தட்டி, அந்த ஒரு வசனத்தை நன்றாக, திக்காமல், இனிமையாக வாசித்தாள். ரோஜாப்பூப் படம்கூடக் காட்டினாள். போனைப் பைக்குள் வைக்கப் போனாள்.

முனியம்மா கீரையை உதறிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான் ஆயா."

"அது எப்படி அவ்ளோதான்? மேல இன்னா, கீழ இன்னா? உக்காரு."

ஜெபா என்னைப் பார்த்தாள். நான் மல்லாட்டையைப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்தாள்.